விலைக்கு ஆகாது

போனில் சொன்னது இவ்வளவுதான்:
"காடு பூராவும் இரும்பு கிடக்கு, வந்து பாருங்க."
காரைக்குடியில்
பழைய இரும்பு பல்கீஸ் என்றால்
நாய்கூட வழி சொல்லும்.
ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தத்தை
நூலில் கட்டிப் பையில் போட்டுக்கொண்டு
சந்தியாகின் மினிலாரியில் ஏறினேன்.

புதுவயல் தாண்டும்போது
அரிசி ஆலைப் புகைக்கூண்டுகள்
கண்ணில் உமிக்கரி தூவின.
உடைமரத்து நிழலில் பைக்கை நிறுத்திக்
காத்திருந்தார் வெள்ளைக்கண்ணு அம்பலம்.
அவருக்குப் பின்னால்
மேடு.

இரும்பு இல்லை அது.
இரும்பு போன பிறகு மிஞ்சியது.
கறுத்து, வழிந்து,
வழியும்போதே மனம் மாறி உறைந்து
முழங்கால் உயரத்துக்குச் சிட்டம்.
காந்தத்தைத் தொங்கவிட்டேன். ஒட்டவில்லை.
நூல் மட்டும் கொஞ்சம் சாய்ந்தது,
பெயர் மறந்துபோன ஆளைக் கல்யாண வீட்டில் கண்டு
தலையசைத்து வைப்பதுபோல.

"ரெண்டு பேர் வந்து குழி வெட்டி, படம் பிடிச்சு,
மூடிட்டுப் போனாங்க.
அந்தக் காலத்து எஃகு உலையாம்.
இந்த மண் குப்பிதான் மூசையாம்.
உள்ள இரும்பு, ஆவாரங்குச்சி, எருக்கிலை,
மண்ணப்பி வாயை அடைச்சு
ராப்பகலா ஊதுவாங்களாம்.
ஒரு வைத்தியர் ஒரு சாக்கு அள்ளிட்டுப் போனார்.
மண்டூரமாம். சோகைக்கு ஆகுமாம்."
வரிக்கு வரி ஓர் 'ஆம்' போட்டு
கேட்ட பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொண்டார் அம்பலம்.

சுற்றிப் பார்த்தேன்.
ஆவாரை பூத்திருந்தது.
வரப்போரம் எருக்கு.
சரக்கெல்லாம் வந்து இறங்கி
வேலையாள் மட்டும் வராத நாள்போல இருந்தது.

எனக்குத் தெரிந்த இரும்பு வேறு.
இடித்த பங்களாக்களின் தூண்கள் வரும்,
எந்தச் சீமையிலோ வார்த்த எழுத்துகளோடு.
கட்டில் வரும், கிணற்று ராட்டினம் வரும்,
தொட்டில் கொக்கி வரும்.
தராசில் ஏறினால் எல்லாம் ஒரே ரேட்.
செய்தவன் கை
எதிலும் பட்டதாக எனக்கு நினைப்பே வந்ததில்லை.

உடைந்த மூசை ஒன்றை எடுத்தேன்.
உடைந்த இடத்தில் கறுப்புக் கோடு கோடாக
உமி.
மண்ணோடு உமி பிசைந்திருக்கிறார்கள்.
புதுவயலில் என் கண்ணில் விழுந்ததும் அதேதான்,
இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.
மூடியில் ஒரு பெருவிரல் பள்ளம்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
என்னுடையதைவிடச் சின்ன விரல்.

அப்புறம்தான் அது கண்ணில் பட்டது:
உடையாதது. வாய் திறக்காதது.
இளநீர்க் குரும்பை அளவு. அந்த அளவுக்கு மீறின கனம்.
காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.
டக்.

"என்ன போடலாம்?" என்றார் அம்பலம்.
"விலைக்கு ஆகாது," என்றேன். "வெறும் கல்லு."
என் தொழிலில் அது முடிவு இல்லை, முதல் வார்த்தை.
அடுத்து அவர் முகம் சுளிக்க வேண்டும்,
வேறு கடைக்காரன் பெயர் சொல்ல வேண்டும்,
நான் லாரி வரைக்கும் நடந்து திரும்ப வேண்டும்.

அம்பலம் பேரம் பேசத் தெரியாதவர்.
"அப்ப சரி," என்றார்.
"ரோட்டுக்காரன் கேட்டான், குடுத்துர்றேன்."

வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன்.
காந்தத்தைப் பையில் போடும்போது
அதையும் போட்டேன்.
திருட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால்
கண்மாய்க்கரை வழியாக ரோடு வந்துவிட்டது.
நல்ல ரோடு. பள்ளம் இல்லை.
சந்தியாகு அதில் போகும்போது மட்டும்
ஹாரனில் கை வைப்பதில்லை, ஏன் என்று கேட்டால்
"மாடு எதுவும் வரலியே" என்கிறான்.

மூசை என் கல்லாவுக்கு மேலே இருக்கிறது.
"உடைச்சுப் பாருக்கா, எஃகா இருந்தா?"
"எஃகாகாமல் போனதைத்தானே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்?"
"மறந்துகூடப் போயிருக்கலாம்ல."

கடை சாத்தும்போது சில நாள்
தராசில் வைத்துப் பார்க்கிறேன்.
எழுநூற்றுப் பத்து கிராம்.
மண் எவ்வளவு, இரும்பு எவ்வளவு
என்று பிரிக்காமல்
ரேட் போட முடியாது.